வால்பாறை ஏத்தத்துல திடீர்னு இழுவை போயிருது – டர்போ போச்சுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

#1 தென்னந்தோப்பு (பொள்ளாச்சி) – ஞாயிறு இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 2016 மாடல் செடான், 1.5 லிட்டர் டர்போ டீசல். 1,18,000 கி.மீ. ஓடியிருக்கு. சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குப் பண்ணிருக்கேன். பிப்ரவரியில கிளட்ச் செட் மாத்தினேன், மத்தபடி பெரிய செலவு எதுவும் வெச்சதில்ல.

நேத்து குடும்பத்தோட வால்பாறை கெளம்பினோம். ஆழியாறு வரைக்கும் வண்டி வெண்ணெய். மேல ஏறி 9ஆவது கொண்டை ஊசி வளைவுல, லோம்ஸ் வியூல, நிறுத்திப் போட்டோ எடுத்துட்டுக் கெளம்பினா, அடுத்த ரெண்டு வளைவுல யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி பொதுக்குனு உக்காந்துருச்சு. ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சாலும் ரெண்டாவது கியர்ல 2500 ஆர்பிஎம் தாண்டல. எஞ்சின் லைட்டும் எரிஞ்சுது. பின்னாடி வந்த பஸ்காரர் அடிச்ச ஹார்ன் இன்னும் காதுல இருக்கு.

ஓரங்கட்டி ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா நல்லா இழுக்குது. பத்து நிமிஷத்துல திரும்பவும் அதே கதை. இப்படி நாலு தடவை. அட்டகட்டி தாண்டுனதும் பயந்துபோய் வண்டியைத் திருப்பிட்டோம். இறங்கறப்ப பிரேக் மிதி வேற கல்லு மாதிரி இருந்துச்சு, டென்ஷன்ல கால் இறுகிப்போச்சுன்னு நெனைச்சேன்.

இன்னிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பானெட்டைத் திறந்து, ஒரு ஹோஸைக் கழட்டி, டர்போவுக்குள்ள விரல விட்டு ஆட்டிப் பாத்துட்டு, "ஷாஃப்ட் ஆடுதுங்க, டர்போ போச்சு" அப்படீன்னுட்டாங்க. எஸ்டிமேட் 68,000. எழுதியே கொடுத்துட்டாங்க. சமதளத்துல வண்டி இப்பவும் 60-70ல நல்லாத்தான் போகுது. என்ன பண்றது?

#2 ஹைவே ராசா (மதுரை) – ஞாயிறு இரவு 10.41

மலைல காத்து கம்மிண்ணே. நம்மளே மேல போனா மூச்சு வாங்கறோம்ல, எஞ்சினுக்கு வாங்காதா? கீழ வந்தா சரியாப் போயிரும். ஒரு பாட்டில் இஞ்செக்டர் கிளீனர் ஊத்திவிடுங்க.

#3 அழுத்தமானி (சென்னை) – ஞாயிறு இரவு 11.15

ராசா, டர்போ இல்லாத வண்டிக்கு நீங்க சொல்றது சரி. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளி அந்தக் குறையை ஈடுகட்டற சாமான். 1918இல் அமெரிக்காவில் பைக்ஸ் பீக் மலைக்கு, சுமார் 14,000 அடி உயரத்துக்கு, ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோய் டர்போ மாட்டிச் சோதிச்சாங்க. சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் செய்த சோதனை அது. மெல்லிய காற்றிலும் எஞ்சின் சமவெளிச் சக்திக்குக் குறையாமல் ஓடியது. வால்பாறை 3,500 அடிதான். பொள்ளாச்சியை விட அங்கே காற்றழுத்தம் பத்துச் சதவீதம்கூடக் குறையாது. அதுக்காக எந்த எஞ்சினும் பொதுக்குனு உட்காராது. குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்.

தென்னந்தோப்பு, நீங்க சொல்றது அச்சு அசலா லிம்ப் மோட். கம்ப்யூட்டர் "இவ்வளவு அழுத்தம் வேணும்"னு கேட்குது, சில நொடி பார்த்தும் வரலேன்னா எஞ்சினைக் காப்பாத்த டீசலைக் குறைச்சுடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா புதுசா ஒரு வாய்ப்பு கொடுக்குது. அதான் பத்து நிமிஷம் நல்லா இழுக்குது. ஷாஃப்ட் உடைஞ்ச டர்போ, சாவியைத் திருப்பினா குணமாகாது. லைட் எரிஞ்சதுன்னா உள்ளே பழுதைச் சொல்ற கோடு (code) பதிவாகியிருக்கும். அந்த ஒர்க்‌ஷாப்ல என்ன கோடு சொன்னாங்க?

#4 தென்னந்தோப்பு – திங்கள் காலை 7.05

கோடா? ஸ்கேனரே போடலீங்களே.

#5 டீசல் மேஸ்திரி (ஈரோடு) – திங்கள் காலை 8.30

தம்பி, முதல்ல 68,000ஐ மறந்துருங்க. இருபத்தஞ்சு வருசமா டீசல் வண்டி பாக்குறேன். ஷாஃப்ட்டை விரல்ல ஆட்டிப் பாத்துத் தீர்ப்புச் சொல்றவங்களை நெறையப் பாத்துட்டேன். அந்த ஷாஃப்ட் நிக்கறது ஆயில் படலத்து மேல. எஞ்சின் ஆஃப்ல ஆயில் அழுத்தம் இல்லாதப்ப பக்கவாட்டுல லேசா ஆடத்தான் செய்யும். ஆடலைன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வரும். பாக்க வேண்டியது முன்னும் பின்னும் ஆடுதா, சுத்தற சக்கரத்தோட இலை போய் டர்போ கூட்டுச் சுவத்துல உரசின கீறல் இருக்கான்னு. அது இருந்தா டர்போ போச்சு.

இதுக்குப் பதில் சொல்லுங்க:

இழுவை போறதுக்குச் சித்த முன்னாடி பின்னால கருப்புப் புகை வந்துச்சா? லிம்ப் போனதுக்கப்புறம் வராது, டீசலைக் குறைச்சிரும். முன்னாடி வந்துச்சான்னு கேக்கறேன். நீலப்புகை? ஆயில் குறையுதா? ஏறுறப்ப 'உஸ்ஸ்'னு சத்தம், இல்லாட்டி ஆம்புலன்ஸ் மாதிரி ஊளை?

அப்புறம், எஞ்சின்ல கடைசியா யாரு கை வெச்சது? பிப்ரவரி கிளட்ச் வேலைக்கு அப்புறம் மலை ஏறினீங்களா?

#6 தென்னந்தோப்பு – திங்கள் மதியம் 1.10

புகை கண்ணாடியில பாத்த வரைக்கும் இல்லீங்கண்ணா. ஆயில் குறையல, டிப்ஸ்டிக் இப்பத்தான் பாத்தேன். 'உஸ்' சத்தம் லேசா இருந்த மாதிரி வீட்டுக்காரம்மா சொல்றாங்க, எனக்குக் கேக்கல. கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறம் இதுதான் முதல் மலை. எல்லாம் கோயமுத்தூர்–பொள்ளாச்சி ரோடுதான்.

மச்சான்கிட்ட கோடு படிக்கற புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு இருந்துச்சு. போட்டுப் பாத்தேன். பி0299.

#7 அழுத்தமானி – திங்கள் மதியம் 1.52

பி0299 என்றால் டர்போ அழுத்தம் கேட்ட அளவுக்கு வரலைன்னு அர்த்தம். "டர்போ கெட்டுப்போச்சு"ன்னு அர்த்தம் இல்லை. காய்ச்சல்னு சொல்ற மாதிரிதான். டெங்குவா சளியான்னு அது சொல்லாது. டீசல் ஃபில்டர் அடைச்சு, இஞ்செக்டர்களுக்கு டீசல் கொடுக்கற குழாயில் (ரயில்) அழுத்தம் விழுந்திருந்தா பெரும்பாலும் பி0087 வந்திருக்கும். அதனால் எரிபொருள் பக்கத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். ராசாவோட பாட்டிலையும்தான்.

அழுத்தம் குறைய வழிகள்: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அமுக்கின காற்றைக் குளிர்விக்கற இன்டர்கூலரோட ஹோஸ் எங்காவது ஓட்டை, புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடற ஈஜிஆர் வால்வு திறந்தே நிற்பது, டர்போவைக் கட்டுப்படுத்தற ஆக்சுவேட்டருக்கு வேக்கம் (உறிஞ்சி இழுக்கற வெற்றிடம்) போகாதது, கடைசியாத்தான் டர்போ.

அந்த ஓபிடியில், எஞ்சினுக்குள் போற காற்றழுத்தத்தை அளக்கற மேப் சென்சாரோட அளவு வரும். சாவி மட்டும் ஆன், எஞ்சின் ஆஃப்: பொள்ளாச்சியில் 98 கிலோபாஸ்கல் பக்கம் காட்டணும், அது வெறும் வெளிக்காற்று. காட்டினா சென்சார் பொய் சொல்லலைன்னு தெரியும். அப்புறம் காலி ரோட்டில் மூன்றாவது கியர், 1500இலிருந்து முழு மிதி, பக்கத்து சீட்காரர் எண்ணைப் பார்க்கட்டும். 200க்கு மேலே ஏறணும். ஓட்டறவர் போனைப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

#8 அமைதி எக்ஸ்பிரஸ் (திருச்சி) – திங்கள் மாலை 6.30

எனக்கும் இதே பிரச்சனை சார்! பிஎஸ்6 டீசல், ஆபீஸுக்கு 4 கி.மீ.தான். இழுவை இல்ல, டிபிஎஃப்னு ஒரு லைட் எரியுது. நானும் டர்போ ஹோஸ் பாக்கணுமா?

#9 டீசல் மேஸ்திரி – திங்கள் இரவு 8.15

இது வேற நோவுங்க தம்பி, தனி இழை போடுங்க. 4 கி.மீ. ஓட்டத்துல புகை வடிகட்டி சூடாகறதே இல்ல, கரி எரியாம அடைச்சுக்குது. லைட் ஆரம்ப நிலையில இருந்தா, பைபாஸ்ல நிறுத்தாம 2000 ஆர்பிஎம்முக்கு மேல இருபது நிமிசம் ஓட்டிப் பாருங்க, மேனுவல்லயும் இருக்கும். எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா ஓட்டாதீங்க, காட்டிருங்க.

#10 தென்னந்தோப்பு – செவ்வாய் காலை 7.50

காலைல ஆறு மணிக்கே மச்சானை எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன், திட்டிட்டே வந்தான். எஞ்சின் ஆஃப்ல 98. ஓட்டறப்ப முழு மிதியில 216 வரைக்கும் போச்சு! அப்ப டர்போ நல்லாத்தான் இருக்குதுங்களா?

#11 அழுத்தமானி – செவ்வாய் காலை 9.20

216இல் 98ஐக் கழித்தால் 118. அதாவது வெளிக்காற்றுக்கு மேலே 1.2 பார், 17 பி.எஸ்.ஐ. செத்த டர்போ இதைத் தராது. அந்த எஸ்டிமேட் காகிதத்தைப் பத்திரமா வைங்க, பின்னால சிரிக்கலாம்.

இப்போ ஹோஸ் கசிவு. கண்ணால் பார்த்தால் தெரியாது. சும்மா நிற்கும்போது அங்கே அழுத்தமே இல்லை, வெடிப்பு வாயை மூடிக்கிட்டு இருக்கும். காற்று ஏத்தித்தான் பார்க்கணும். டர்போ வாயில் நுழையற அளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப், அதில் ஓட்டை போட்டு பஞ்சர் கடையில் கிடைக்கிற டியூப்லெஸ் வால்வு. ஏர் ஃபில்டர் பக்க ஹோஸைக் கழட்டி, இதைச் சொருகி, கிளாம்ப் போட்டு, கால் பம்ப்பால் 10-12 பி.எஸ்.ஐ. ஏத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணி. கம்ப்ரஸரை நேரா வைக்காதீங்க, கேப் தோட்டா மாதிரி பறக்கும். எஞ்சின் அடிவயித்து ஆவியைக் கொண்டுவர்ற பிரீதர் ஹோஸ் வந்து சேர்ற இடத்தைத் தாண்டி அடைக்கணும், இல்லாட்டி காத்து எஞ்சின் அடிவயித்துக்குப் போய் ஆயில் சீலைத் தள்ளிடும்.

#12 தென்னந்தோப்பு – செவ்வாய் இரவு 9.35

கண்டுபிடிச்சாச்சு!!! தோப்புல சொட்டுநீர் போட்டப்ப மீந்த எண்ட் கேப் ஒண்ணு கெடந்துச்சு. இன்டர்கூலர் மேல் ஹோஸ், எஞ்சின் பக்கக் கிளாம்ப்ல சோப்பு நொரை பொங்குச்சு. கிளாம்ப் லூஸு. ஹோஸுக்குள்ள லேசா ஆயில் பசை இருக்கு, அது பரவால்லீங்களா? டைட் வெச்சு மறுபடி அடிச்சேன், ஒரு குமிழி இல்ல. பி0299ஐயும் அழிச்சுட்டேன். ரோட்டுல அருமையா இழுக்குது. அழுத்தமானி சாருக்கு ஒரு மூட்டை இளநீர் பார்சல்.

#13 ஹைவே ராசா – செவ்வாய் இரவு 9.50

68,000 ரூவா வேலை ஒரு ஸ்குரு டிரைவர்ல முடிஞ்சிருச்சு. அந்த இளநீர்ல எனக்கும் ஒண்ணு.

#14 டீசல் மேஸ்திரி – செவ்வாய் இரவு 10.25

ஆயில் பசை பிரீதர் வழியா வர்றது, தேங்கி நிக்காத வரைக்கும் கவலை இல்ல.

ஆனா தம்பி, இளநீரை இப்பவே வெட்டாதீங்க. அந்தக் கிளாம்ப் லூஸா இருந்தப்பவே காலைல 216 வந்துச்சே, அப்புறம் அது எப்படிக் காரணம் ஆகும்? சூடேத்திப் பாருங்க. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல அரை மணி நேரம் இழுக்கறப்ப பானெட்டுக்குள்ள இருக்கற சூடு, காலைல ஆறு மணிக்குப் பொள்ளாச்சி ரோட்டுல வராது.

#15 தென்னந்தோப்பு – வியாழன் இரவு 8.40

மேஸ்திரியண்ணா வாய்க்குச் சர்க்கரை போடறதா வேண்டாமான்னு தெரியல. இன்னிக்கு மத்தியானம் தனியா ஆழியாறு தாண்டி ஏறினேன். 11ஆவது வளைவு. பொதுக். அதே பி0299. இந்தத் தடவை எண்ணைக் குறிச்சுக்கிட்டேன்: கீழ 214 வந்த வண்டி, மேல 135 தாண்டல. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டா மறுபடி 205. வெறுத்துப்போச்சுங்க. டர்போவே மாத்திரலாமா?

#16 அழுத்தமானி – வியாழன் இரவு 9.30

என் தப்பு. கசிவு கிடைச்ச சந்தோஷத்தில் நானும் கணக்கை மறந்துட்டேன். மேஸ்திரி கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கணும்.

குளிரில் 214, சூட்டில் 135, ஆறினால் 205. அப்போ சூடானா மட்டும் தோற்கிற ஏதோ ஒன்று. மூணு சந்தேகம்: டர்போவுக்குள் இறக்கைகள் கரியில் சிக்குவது, வேக்கத்தைத் திறந்து மூடற சொலினாய்டு காயில் சூட்டில் படுப்பது, வேக்கம் ஹோஸ்.

#17 டீசல் மேஸ்திரி – வியாழன் இரவு 10.50

முதல் பதிவைத் திரும்பப் படிச்சேன். "இறங்கறப்ப பிரேக் மிதி கல்லு மாதிரி இருந்துச்சு"ன்னு தம்பி அன்னிக்கே எழுதியிருக்காப்ல. நானும் விட்டுட்டேன். எல்லாரும் டர்போவையே பாத்துட்டு இருந்தோம்.

டீசல் எஞ்சின்ல வேக்கம் தானா வராது, அதுக்குன்னு ஒரு பம்ப் இருக்கு. மிதியை லேசாக்கற பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கொடுக்கறது அந்தப் பம்ப்தான். உங்க மாதிரி வண்டில டர்போ ஆக்சுவேட்டரை இழுக்கறதும் அதே பம்ப்தான். வேக்கம் கம்பியை இழுத்தாத்தான் இறக்கைங்க நெருங்கி, புகை வேகமாப் பாஞ்சு, டர்போ சுத்தும். இழுக்கலைன்னா இறக்கை அகலத் திறந்து கெடக்கும், டர்போ சும்மா காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கும். 135 அதைத்தான் சொல்லுது.

இன்னொண்ணு. நெறைய வண்டில, ஆக்சுவேட்டருக்குப் பிரியற கிளைல ஊசித் துவாரம் மாதிரி ஒரு தடுப்பு வெச்சிருப்பாங்க. அந்தச் சின்ன ஹோஸ் பிஞ்சாலும் பிரேக் வேக்கம் போகக் கூடாதுன்னு. உங்களுக்குப் பிரேக்கும் கெட்டியாச்சுன்னா கசிவு அந்தத் தடுப்புக்கு முன்னாடி, பம்ப்புக்குப் பக்கத்துல இருக்கணும். இல்லாட்டி பம்ப்பே வீக்கு.

இது பாக்கற வரைக்கும் மலைப்பக்கம் போகவே கூடாது. இழுவை போனா ஓரங்கட்டிக்கலாம். இறக்கத்துல பிரேக் போனா ஓரமும் கெடையாது.

ஒரு சோதனை: எஞ்சின் ஆஃப்ல பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சுக் காலி பண்ணுங்க. மிதியை அழுத்திப் பிடிச்சுட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. மிதி காலுக்குக் கீழ சட்டுனு இறங்கணும். குளிர்ல ஒரு தடவை, நல்லாச் சூடானதும் ஒரு தடவை. அதே மாதிரி ஒருத்தர் ஸ்டார்ட் பண்றப்ப ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்க, ஒரு சென்டிமீட்டர் போல விசுக்குனு இழுத்துக்கணும். ஆஃப் பண்ணா திரும்பணும். சிக்கிச் சிக்கித் திரும்பினா கரி.

அப்புறம் வேக்கம் மீட்டர் வெச்சிருக்கற மெக்கானிக் யாரையாச்சும் புடிங்க. அந்த விரல்காரர் வேண்டாம்.

#18 தென்னந்தோப்பு – சனி மாலை 6.15

படம் போட முடியல, எழுத்துல சொல்றேன்.

காலைல குளிர்ல பிரேக் சோதனை: மிதி உடனே இறங்குச்சு. கம்பியும் விசுக்குனு இழுத்துச்சு. எங்க ஊர்ல டிராக்டர், லாரி பாக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட வேக்கம் மீட்டர் இருந்துச்சு. பம்ப்புக்குப் பக்கத்துல மாட்டினார். குளிர்ல 25 அங்குலம் (பாதரசக் கணக்கு). வண்டியை நிறுத்தி வெச்சே, அவரு பானெட்டை மூடி, முன்னாடி கிரில்லை ஒரு சாக்கு வெச்சுப் பாதி மறைச்சு, வெப்பமானியைப் பாத்துட்டே 2000ல ரேஸ் பண்ணச் சொன்னார். இருபத்தஞ்சு நிமிசம். முள்ளு 25, 24, 21ன்னு இறங்கி 13ல நின்னுச்சு. பிரேக் மிதி மரக்கட்டை.

பெரியவர் ஒண்ணும் பேசல. காதுகிட்ட ஒரு ஹோஸ் துண்டை வெச்சுட்டு, மறுமுனையை எஞ்சினுக்குப் பின்னாடி மெதுவா நகத்தினார். ஒரு இடத்துல நிறுத்தி, டார்ச் கேட்டார். பம்ப்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ், ரெண்டாப் பிரியற T இணைப்புக்கு நாலு விரக்கடை முன்னாடி, ஈஜிஆர் கூலர் பிராக்கெட் மேல படுத்துக் கெடந்துச்சு. கையால திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் நகம் வெட்டின மாதிரி பிறை வடிவத்துல ஒரு வெட்டு. ஆறி இருந்தா ஒட்டிக்குது, சூடானா ரப்பர் தளந்து வாயைத் தொறக்குது. மேல இருந்து பாத்தா புது ஹோஸ் மாதிரியே இருக்கு.

அது அங்க படுத்திருக்கக் கூடாதாம். ஹோஸைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கணும். கிளிப் இருந்த ஓட்டை மட்டும் இருக்கு, கிளிப் இல்ல. கிளட்ச்சுக்காக கியர்பாக்ஸ் இறக்கினப்ப கழட்டினது போல. மாட்டலை.

#19 டீசல் மேஸ்திரி – சனி இரவு 7.30

அந்தப் பெரியவர் காலைத் தொட்டுக் கும்புடுங்க. காதுல ஹோஸ் வெச்சுக் கசிவு புடிக்கற ஆளுங்க கொறைஞ்சுட்டு வர்றாங்க.

புது ஹோஸ் போடறப்ப ஒண்ணு கவனிங்க. கடைல டீசல் ரிட்டர்ன் பைப்பையோ, கொத்தனார் லெவல் பாக்கற டியூபையோ வெட்டிக் கொடுப்பாங்க. சூட்டுல வேக்கம் உறிஞ்சினா அது சப்பையாகி ஒட்டிக்கும், மறுபடி இதே கதை. பிரேக் வேக்கத்துக்குன்னு நூல் பின்னின ஹோஸ் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க.

#20 ஹைவே ராசா – சனி இரவு 8.05

ஒரு சந்தேகம். 25 அங்குலம்னீங்களே, அது மலைல போனாக் குறையும்ல? வெளிக்காத்தே கம்மியாச்சே?

#21 அழுத்தமானி – சனி இரவு 8.40

ராசா, ஒப்புக்கறேன். வெளிக்காற்று 98இலிருந்து 90க்கு இறங்கினா, கிடைக்கிற வேக்கத்தில் இரண்டரை அங்குலம் போலப் போயிடும். நல்ல பம்ப்புக்கு அது கொசு. ஏற்கெனவே பாதி ஒழுகற பம்ப்புக்கு அதுவும் சேர்ந்து தள்ளியிருக்கும். உங்க "மலைல காத்து கம்மி"க்குப் பத்து மார்க். பாட்டிலுக்குப் பூஜ்யம்தான்.

#22 தென்னந்தோப்பு – அடுத்த ஞாயிறு இரவு 9.10

ஹோஸ், கிளிப், ரெண்டு கிளாம்ப் எல்லாம் சேத்து 460 ரூபா. பெரியவர் கூலி கேக்கல, வற்புறுத்தி 500 கொடுத்தேன். சூட்டுல மீட்டர் 25ஐ விட்டு நகரல. அதுக்கப்புறந்தான் மலைக்குப் போனேன்.

இன்னிக்குக் காலைல 40 வளைவும் ஏறி வால்பாறை போயாச்சு. வழில எங்கயும் 200க்குக் கீழ வரல. இறங்கறப்ப பிரேக் பூ மாதிரி. போன வாரம் நின்ன 11ஆவது வளைவுல, வீட்டுக்காரம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு தேங்காய் உடைச்சாங்க.

#23 அமைதி எக்ஸ்பிரஸ் – அடுத்த ஞாயிறு இரவு 9.25

வாழ்த்துக்கள் சார். எனக்கும் பைபாஸ்ல ஓட்டினதுல லைட் போயிருச்சு. அந்த 68,000 எஸ்டிமேட் காகிதம் என்னாச்சு?

#24 தென்னந்தோப்பு – அடுத்த ஞாயிறு இரவு 9.31

குளோவ் பாக்ஸ் மூடி ரொம்ப நாளா லொடலொடன்னு ஆடிட்டு இருந்துச்சு. எட்டா மடிச்சு அதுக்கு முட்டு வெச்சிருக்கேன். இப்பச் சத்தம் இல்ல.